4.2 மதிப்பெண்ணும் கடைசி நாள் பேச்சும்

அன்புள்ள ஐயா,

ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஆண்டுதோறும் ஊழியர்களிடம் கருத்துக்கணிப்பு எடுக்கிறோம். ‘உங்கள் உழைப்பு மதிக்கப்படுவதாக உணர்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு இந்த முறை ஐந்துக்கு 4.2 வந்தது. நிர்வாகத்துக்கு மகிழ்ச்சி. ஆனால் வேலையை விட்டுப் போகிறவர்களிடம் கடைசி நாளில் பேசினால், ‘நான் என்ன செய்தேன் என்று இங்கே யாருக்கும் தெரியாது’ என்கிறார்கள். இந்த உணர்வை அளக்கவே முடியாதா?

க.

அன்புள்ள க.,

முடியும், கேள்வியை மாற்றினால். ‘மதிக்கப்படுவதாக உணர்கிறீர்களா’ என்று பொதுவாகக் கேட்டால் பலரும் மரியாதைக்கு ஒரு 4 போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பணியாளர் எண்ணைக் கொடுத்து உள்ளே போகிற படிவம் என்றால் சொல்லவே வேண்டாம். பதவி உயர்வு மேலாளர் கையில் இருக்கும்போது யார் துணிந்து 2 போடுவார்?

ஊழியர்களின் மனநிலையை அறிய காலப் (Gallup) என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்கும் புகழ்பெற்ற 12 கேள்விகளில் ஒன்று, நல்ல வேலை செய்ததற்காகக் கடந்த ஏழு நாட்களில் பாராட்டு கிடைத்ததா என்பது. அந்த ஏழு நாள் வரம்பு எனக்குப் பிடிக்கும். போன வாரத்தை யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொல்லியாக வேண்டும். கூடவே ‘கடைசியாக உங்களைப் பாராட்டியது யார், எதற்காக?’ என்றும் கேளுங்கள். காலியாக விடப்பட்ட பெட்டிகளை எண்ணினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அப்புறம், அந்தச் சராசரியை நம்பாதீர்கள். இரவு இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிடுகிறது. ஒருவர் விடியும்வரை உட்கார்ந்து சரிசெய்கிறார். காலையில் வருகிறவர்களுக்கு எல்லாம் வழக்கம்போல ஓடுகிறது. பத்து மணிக்கு வரும் நன்றி மின்னஞ்சலில் குழுத் தலைவர் பெயர் மட்டும் இருக்கிறது. இரவு விழித்தவர் போடும் 1, மற்றவர்களின் ஐந்துகளில் கரைந்து காணாமல் போகிறது. எனவே ஷிப்ட் வாரியாக, பணிக்கால வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஆனால் நாலைந்து பேர் மட்டும் உள்ள பிரிவைத் தனியாகக் காட்டாதீர்கள், யார் சொன்னது என்று தெரிந்துவிடும். ஒப்பந்த ஊழியர்களிடம் கேட்கிறீர்களா? பல இடங்களில் அவர்கள் பெயர் பட்டியலிலேயே இருப்பதில்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

1920களின் இறுதியில் சிகாகோ அருகே இருந்த ஹாதார்ன் தொழிற்சாலையில் 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நேர்காணல் எடுத்தார்கள். முதலில் கேள்விகளைத் தயார்செய்து கொண்டுதான் போனார்கள். தொழிலாளர்களோ கேட்டதை விட்டுவிட்டுத் தங்கள் மனதில் இருந்ததைப் பேசினார்கள். கேள்வித்தாளை ஓரம் வைத்துவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்பது என்று முறையையே மாற்றினார்கள். உங்கள் கடைசி நாள் பேச்சிலும் அதுதான் நடக்கிறது. போகிறவருக்கு இனிப் பயமில்லை, அதனால் மனம் திறக்கிறார். அதே பேச்சை, இன்னும் வேலையில் இருப்பவர்களிடம், அவர்களுடைய மேலாளர் அல்லாத ஒருவர் உட்கார்ந்து பேசட்டும். சம்பளம் பற்றிய குறை வந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சம்பளம் சரியில்லாத இடத்தில் பாராட்டு அட்டை கொடுத்தால் கோபம்தான் வரும்.

கேட்டதையெல்லாம் அலமாரியில் வைத்துவிட்டால் அடுத்த முறை யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். ஒரு மாதத்துக்குள், என்ன கேட்டோம், எதை மாற்றப்போகிறோம், எதை இப்போது மாற்ற முடியாது, ஏன் என்று எல்லோருக்கும் எழுதுங்கள். நிர்வாகத்திடம் 4.2ஐக் கொண்டுபோகும்போது கடைசி நாளில் கேட்ட அந்த வாக்கியத்தையும் அதே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.