டென்மார்க் காற்றாலைத் தொழில்: கேள்வி பதில்

கேள்வி (பொறியியல் மாணவி): அமெரிக்கா, ஜெர்மனி இருக்கும்போது குட்டி நாடான டென்மார்க் எப்படி முந்தியது?

பதில்: ஜெர்மனி 1983-ல் க்ரோவியான் என்ற 3 மெகாவாட் காற்றாலையை நிறுவியது. சுழலியின் விட்டம் மட்டும் 100 மீட்டர். மொத்தமே 420 மணி நேரம் போலத்தான் ஓடியது, 1987-ல் மூடிவிட்டார்கள். டென்மார்க்கில் விவசாயக் கருவிகள் செய்துவந்த வெஸ்டாஸ், போனஸ் போன்றவர்கள் சின்ன இயந்திரத்தில் தொடங்கி, விற்று, பழுது பார்த்து, அப்புறம் அடுத்த அளவுக்குப் போனார்கள். அவர்களுக்கு முன்மாதிரியும் இருந்தது. டென்மார்க் பொறியாளர் யோஹானஸ் யூல் 1957-ல் அங்கே கெட்சர் என்ற ஊரில் அமைத்த 200 கிலோவாட் காற்றாலை பத்து வருடம் ஓடியது. மூன்று இறக்கை, வேகம் மீறினால் இறக்கை நுனி தானே திரும்பி பிரேக் போடும்.

கேள்வி: இதில் டென்மார்க்கின் ரிசோ ஆராய்ச்சி நிலையத்துக்கு என்ன வேலை?

பதில்: அங்கேதான் விஷயமே இருக்கிறது. ரிசோ அணு ஆராய்ச்சிக்காகத் தொடங்கிய இடம். 1978-ல் அங்கே காற்றாலைச் சோதனை நிலையம் வந்தது. காற்றாலை வாங்குபவருக்கு அரசு 30 சதவீத மானியம் தந்தது, ஆனால் ரிசோ ஒப்புதல் பெற்ற மாடலுக்குத்தான். அதனால் எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே வாசலுக்கு வந்தாக வேண்டும். ஒருவர் இயந்திரத்தில் பிடிபட்ட கோளாறு அடுத்தவருக்கான விதியாக மாறியது. ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே இயங்கும் இரண்டு பிரேக் கட்டாயமானது அப்படித்தான்.

கேள்வி: கம்பெனிகள் குறைகளை மறைக்கவில்லையா?

பதில்: மறைக்க விட்டால்தானே! காற்றாலை உரிமையாளர் சங்கம் உற்பத்தியையும் பழுதுகளையும் தன் பத்திரிகையில் மாதாமாதம் அச்சிட்டது. எந்த மாடல் படுத்துவிட்டது என்று வாங்குபவருக்குத் தெரியும். என் கணக்கில், மானியத்தை விட இதுதான் தரத்தை உயர்த்தியது.

கேள்வி (கோவில்பட்டி வாசகர்): கயத்தாறு சோதனை நிலையத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பு உண்டாமே?

பதில்: உண்டு. டென்மார்க் உதவியோடு அமைந்ததுதான் அது. சென்னையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

கேள்வி: சரி, இப்போது சீனாவோடு எப்படிப் போட்டி போடுவார்கள்?

பதில்: விலையில் மட்டும் மோதினால் கஷ்டம், தரத்தில்தான் முந்த வேண்டும். டென்மார்க்கின் ஓஸ்டரில்டில் 2012-ல் திறந்த சோதனைத் திடலை டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. வெஸ்டாஸும் சீமென்ஸ் கமேசாவும் பக்கத்துப் பக்கத்தில் தங்கள் ராட்சத மாடல்களை நிறுத்திப் பார்க்கின்றன. புது மாடல் சந்தைக்குப் போகும் முன்பே கோளாறு அங்கே தெரிந்துவிட வேண்டும். கடலில் நட்ட பிறகு தெரிந்தால், ஒரு பேரிங் மாற்றவே கிரேன் கப்பல் வரவேண்டும்.