டிரம் கோர் நிகழ்ச்சியை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டுமா? வீடியோவில் பார்த்தால் போதாதா?

யூடியூபில் பார்த்துப் பிடித்துப்போய், இதற்காக டிக்கெட் எடுத்து நாலைந்து மணி நேரம் வண்டி ஓட்டிப் போகலாமா என்று கேட்கிறீர்கள். போங்கள். ஆனால் எந்த ஊருக்குப் போகிறீர்கள், எந்த வரிசையில் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்து, 'வீட்டிலேயே பார்த்திருக்கலாமே' என்று தோன்றவும் வாய்ப்பு உண்டு. அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நான் டெக்சஸில் இருக்கிறேன். மகள் பள்ளி பேண்டில் மெல்லஃபோன் வாசிக்கிறாள், அவள் வழியாகத்தான் இந்தப் பித்து எங்கள் வீட்டுக்குள் வந்தது. இது என்னவென்றே தெரியாமல் வந்திருப்பவர்களுக்கு: டிரம் கோர் என்பது டிரம்பெட், மெல்லஃபோன், யூஃபோனியம், டியூபா போன்ற பித்தளைக் கருவிகள், முரசுகள், மாரிம்பா போன்ற தட்டுக்கருவிகள், கொடியும் துப்பாக்கி வடிவக் கட்டையும் சுழற்றி ஆடும் கலர் கார்டு, இவ்வளவுதான். கிளாரினெட், சாக்ஸஃபோன் எல்லாம் கிடையாது. முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் சங்கங்கள் வளர்த்த வழக்கம் இது. 1972 முதல் டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு ஏறக்குறைய எல்லாக் கோடையிலும் சாம்பியன்ஷிப் போட்டி நடத்துகிறது. பெரிய குழுவென்றால் 150 பேருக்கு மேல் இருப்பார்கள், பெரும்பாலும் கல்லூரி வயதுப் பிள்ளைகள். பத்துப் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி ஒன்றே ஒன்று. அதையே கோடை முழுக்க ஊர் ஊராகப் போய் ஆடி, ஆகஸ்டில் இண்டியானாபோலிஸில் முடிப்பார்கள்.

நேரில் பார்த்தவர்களிடம் கேட்டால் முதலில் சத்தத்தைத்தான் சொல்வார்கள். உண்மைதான், எழுபது எண்பது பித்தளைக் கருவிகள் ஒரே நேரத்தில் உங்கள் பக்கம் திரும்பி ஊதினால் நெஞ்சுக்கூட்டில் இறங்கும். ஊர்வலத்தில் பறைக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு அது தெரியும். ஆனால் என்னைக் கேட்டால் சத்தம் இரண்டாம்பட்சம். வீடியோவில் முதலில் காணாமல் போவது தூரம்.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். இவர்கள் ஆடுவது அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில். பார்வையாளர் பக்கத்து முன்கோட்டிலிருந்து எதிர்ப்பக்கப் பின்கோடு 160 அடி, ஏறக்குறைய 49 மீட்டர். அந்தத் தூரத்தைக் கடக்க ஒலிக்கு 0.14 நொடி ஆகும். நிமிடத்துக்கு 180 தாள அடி என்ற வேகத்தில் வாசிக்கும்போது ஒரு தாள அடிக்கே 0.33 நொடிதான். அதாவது பின்கோட்டில் நிற்கும் ஸ்னேர் முரசும், முன்கோட்டில் மாரிம்பா வாசிப்பவரும் கையசைத்துத் தாளம் காட்டும் ஒரே டிரம் மேஜரைப் பார்த்து வாசித்தால், இருக்கையில் இருக்கும் நமக்கு முரசு கிட்டத்தட்ட அரைத் தாள அடி தள்ளிக் கேட்கும். மொத்தமும் குழம்பிப்போகும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி, முன்னால் இருப்பவர்கள் கையைப் பார்க்காமல் காதை நம்புவது. பின்னாலிருந்து முரசொலி வந்து சேரும் கணத்தில், அதனோடு சேர்ந்து இவர்கள் அடிக்கிறார்கள். இப்படி மைதானம் முழுக்க ஒருவர் ஒலிக்கு மற்றவர் காத்திருந்து வாசிப்பதால், எல்லா ஒலியும் ஒன்றாகக் கூடும் இடம் பார்வையாளர் பகுதியாகிறது. மைதானத்துக்கு நடுவே நிற்கும் பிள்ளைக்கு அது ஒன்றாகவே கேட்காது. 'நாங்க சேர்ந்து வாசிக்கிறோமான்னு எங்களுக்கே தெரியாதுப்பா, உங்களுக்குத்தான் தெரியும்' என்று மகள் சொன்னபோதுதான் எனக்கு இது உறைத்தது.

இந்தக் கூடல் வீடியோவிலும் வரும். ஒலிப்பதிவுக்காரர்கள் திறமைசாலிகள், எல்லாவற்றையும் அழகாகக் கலந்து தருவார்கள். ஆனால் வலது மூலையில் தொடங்கிய டியூபா வரிசை மைதானத்தின் குறுக்கே நடந்து இடது மூலைக்குப் போகும்போது, அந்த ஒலியும் கூடவே நகர்ந்து போவதை நம் தலை திரும்பித் தொடர்கிறது பாருங்கள், அது இரண்டு ஸ்பீக்கரில் கிடைக்காது. அதேபோல மெல்லிய ஒலி. ஐம்பது பேர் முதுகைக் காட்டிக்கொண்டு, மைதானத்தின் கடைசிக் கோட்டில் நின்று மெதுவாக ஊதுவார்கள். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும். கைப்பேசிப் பதிவு பெரும்பாலும் பெரிய ஒலியைக் குறைத்துச் சிறிய ஒலியைத் தூக்கி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவதால், வீடியோவில் அந்த இடம் மற்ற இடங்களைப் போலவே சாதாரணமாகக் கேட்டுக் கடந்துபோய்விடும்.

அடுத்து, கண். ஒளிபரப்பில் வரும் வடிவம் பெரும்பாலும் பல கேமராக்களை வெட்டி வெட்டிக் காட்டுவது. டிரம்பெட்காரர் முகம், கொடி, ஸ்னேர் குச்சிகள், மறுபடி முகம். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மூன்று நொடியில் மைதானத்தில் ஒரு பெரிய வட்டம் சிதறி நேர்க்கோடாக மாறியிருக்கும், அதை நாம் தவறவிட்டிருப்போம். இந்தக் கலையே மேலிருந்து பார்க்க வரைந்த கோலங்களால் ஆனது. முகத்தைக் காட்டு என்று யார் கேட்டார்கள் என்று நான் டிவியோடு சண்டை போடுவது வீட்டில் பழகிவிட்டது. நேரில் எங்கே பார்ப்பது என்பதை நாமே முடிவுசெய்கிறோம். மைதானத்தின் ஒரு மூலையில் யாரும் கவனிக்காத நேரத்தில் கலர் கார்டு அடுத்த கொடியை எடுத்துத் தயாராவதைக்கூடப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சரி, வீடியோவே மேல் என்று சொல்லக்கூடிய இடங்களும் இருக்கின்றன.

முதலாவது ஸ்பீக்கர் தொல்லை. 2004 முதல் மைக்கும் ஒலிபெருக்கியும், 2009 முதல் சிந்தசைசர் போன்ற மின்னணுக் கருவிகளும் அனுமதிக்கப்பட்டன. அந்த ஸ்பீக்கர்களை முன்கோட்டில்தான் வைப்பார்கள். கீழ்வரிசையில், அதற்கு நேர் எதிரே இடம் கிடைத்தால் சிந்தசைசரின் அடிநாத உறுமல் மட்டும்தான் கேட்கும், பித்தளையை அதற்குப் பின்னால் தேட வேண்டியிருக்கும். எனக்கு அப்படி ஒரு மாலை போயிருக்கிறது. வீடியோவில் இந்தச் சமநிலை சரியாக இருக்கும்.

இரண்டாவது, மூடிய அரங்கம். இறுதிப்போட்டி 2009 முதல் இண்டியானாபோலிஸின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடக்கிறது. பிரம்மாண்டம்தான், ஆனால் ஒலி எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வரும். ஓரத்து இருக்கைகளில் முரசின் வேகமான அடிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கூழாகிவிடும். எங்கள் டெக்சஸின் சான் அன்டோனியோவில் உள்ள அலமோடோம் அரங்கிலும் ஓரளவு இதே கதை. வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு வருபவர்கள் இறுதிப்போட்டிக்குத்தான் போக வேண்டும் என்று நினைப்பது இயல்பு. எனக்கென்னவோ, ஜூலை மாதத்தில் ஏதோ ஒரு பள்ளி மைதானத்தில், திறந்த வானத்தின் கீழ் நடக்கும் சாதாரண நிகழ்ச்சியே இதைவிட நன்றாகக் கேட்கிறது. பென்சில்வேனியாவின் அலன்டவுனில் பழைய கான்கிரீட் மைதானம் ஒன்று இருக்கிறது, ஜே. பிர்னி கிரம் ஸ்டேடியம் என்று பெயர். ரசிகர்கள் பல ஆண்டுகளாக அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவதற்கு ஒலிதான் முக்கியக் காரணம்.

மூன்றாவது, பழைய நிகழ்ச்சிகள். 2008இல் இண்டியானாவின் புளூமிங்டனில் நடந்த இறுதிப்போட்டியில் ஃபேன்டம் ரெஜிமென்ட் குழு, ஸ்பார்டகஸ் கதையை எடுத்துக்கொண்டு ஆடி, ப்ளூ டெவில்ஸைவிட வெறும் 0.025 புள்ளி கூடுதலாகப் பெற்று வென்றது. நூற்றுக்கு 98.125. அதைப் பார்க்க வீடியோவை விட்டால் வேறு வழி ஏது? அந்தப் பதிவில் கூட்டத்தின் இரைச்சலைக் கேட்டுப் பாருங்கள், இசையை விழுங்கிக்கொண்டு எழும். மோசமான ஒலிப்பதிவு என்று ஒருவர் சொல்லலாம். எனக்கு அதில் ஒரு நொடியைக்கூடச் சுத்தம் செய்ய வேண்டாம்.

அப்புறம், திரும்பப் பார்ப்பது. நேரில் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்து முடித்ததும் பாதி மறந்துபோகும், அவ்வளவு நடக்கிறது. வீட்டுக்கு வந்து ஹை கேம் வடிவத்தைத் தேடிப் போடுங்கள். அரங்கின் உச்சியில் ஒரே கேமரா, வெட்டே இல்லாமல் முழு மைதானமும் தெரியும். ஒருமுறை டெனர் முரசுக்காரர்களை மட்டும், இன்னொரு முறை டியூபாக்களை மட்டும் கவனியுங்கள். நேரில் போவதற்கு முன்னால் அந்த ஆண்டின் நிகழ்ச்சியை வீடியோவில் பார்க்காமல் இருப்பது நல்லது என்பேன். எங்கே உச்சம் வரும் என்று தெரிந்துபோனால் பாதிச் சுகம் போச்சு.

வீடியோவில் பெரும்பாலும் நாம் பார்ப்பது ஆகஸ்ட் மாதத்து முழுமையான வடிவம் என்பதையும் கவனிக்க வேண்டும். ஜூன் இறுதியில் நேரில் போனால், முடிவுப்பகுதியே இன்னும் தயாராகாத நிகழ்ச்சியைப் பார்க்கலாம். இடையில் சிலர் தடுமாறுவார்கள், கொடி கீழே விழும். ஐந்து வாரம் கழித்து அதே குழுவை மறுபடி பார்த்தால் வேறு குழுவோ என்றிருக்கும். வாரத்துக்கு வாரம் காட்சிகளை வெட்டி, மாற்றி, புதிதாகச் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள்.

போக முடிவு செய்துவிட்டால், நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வாகன நிறுத்துமிடத்தில் முரசுக்குழுக்கள் வட்டமாக நின்று கைகளைச் சூடேற்றிக்கொள்ளும். ரசிகர்கள் இதை 'லாட்' என்பார்கள். சிலர் டிக்கெட்டே எடுக்காமல் இதற்காக மட்டும் வருவதுண்டு. ஸ்னேர் வரிசையிலிருந்து ஆறேழு அடி தூரத்தில் நிற்கலாம். எட்டு ஒன்பது பேர் அடிப்பது ஒரே குச்சி அடித்ததுபோல் கேட்கும். காதடைப்பான் இல்லாமல் நிற்காதீர்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பள்ளியில் ஏதாவது குழு தங்கியிருந்தால் பகலில் ஒத்திகையையும் எட்டிப் பாருங்கள், பல குழுக்கள் ஆட்சேபிப்பதில்லை. மெட்ரோனோம் ஒலிக்கும் ஸ்பீக்கரை முரசுகளுக்குப் பின்னால், மைதானத்தின் கடைசியில் வைத்திருப்பார்கள். மேலே சொன்ன 0.14 நொடிக் கணக்கு அங்கே கண்ணுக்கே தெரியும். பத்து நொடி இசையை இருபது முறை திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பார்கள், வெயில் மண்டையைப் பிளக்கும்.

இருக்கைக்கு வருவோம். மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராக, எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே எடுங்கள். முன்வரிசை விலை கூடுதலாக இருந்தால் அது நல்ல இடம் என்று நினைத்துவிட வேண்டாம், அங்கிருந்து கோலம் தெரியாது. நடுவில் கிடைக்காவிட்டால் சற்றுத் தள்ளி எடுத்தாலும் பரவாயில்லை, உயரத்தை மட்டும் விடாதீர்கள். பள்ளி மைதானங்களில் முதுகுச் சாய்வில்லாத அலுமினிய பெஞ்சுதான் இருக்கும், ஒரு மெத்தை எடுத்துப் போங்கள்.