மேலட்டையின் இரு கோடுகள்

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்த நாட்டில் சென்ற மாதம் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. நிறைந்த கூடத்தில் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தபோது எனக்குக் குரல் எழவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. இனி விசாவுக்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை. ஆனால் பிறந்த நாட்டின் சட்டப்படி பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அதை உறையில் இட்டுப் பத்து நாட்களாகியும் அனுப்ப மனம் வரவில்லை. உறவினர் ஒருவர் இதைத் துரோகம் என்றார். “எல்லாம் ஒரு வசதிக்காகத்தான், மனத்தளவில் நான் மாறவில்லை” என்று அவருக்குப் பதில் சொன்னேன். நான் சொன்னது சரிதானா? என் மகளிடம் எது அவளுடைய நாடு என்று சொல்வது?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் ஒரு பழைய நண்பரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. ஆகவே இந்தப் பதிலில் உங்களைவிட அவரே அதிக இடத்தை எடுத்துக்கொள்ளக்கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உறவினரை முதலில் அனுப்பிவைத்துவிடலாம். 1948இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆம் பிரிவு, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்பதோடு நிற்கவில்லை. அதை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் யாரிடமிருந்தும் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்கிறது. ஐன்ஸ்டீன் 1896இல், பதினாறு வயதில், பிறந்த நாட்டின் குடியுரிமையைத் துறந்தார். ஐந்தாண்டுகள் எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமல் இருந்து 1901இல் சுவிஸ் குடிமகனானார். 1940இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோதும் சுவிஸ் குடியுரிமையை விடவில்லை. இவற்றில் எதைத் துரோகம் என்பது என்று அந்த உறவினரைக் கேளுங்கள், அல்லது கேட்காமலே விட்டுவிடுங்கள். மகளைப் பற்றிய கேள்விக்கும் என்னிடம் நீண்ட பதில் இல்லை. அவள் ஒருநாள் தானே அதைச் சொல்வாள். அதற்கு முன்பு நீங்கள் ஒரு விடையைத் தயாரித்து அவள் வாயில் ஊட்டாதீர்கள்.

ஆனால் அந்த “வசதிக்காகத்தான்” என்ற சொல்லை நான் விடப்போவதில்லை. நீங்கள் அனுப்பிய முழுக் கடிதத்தில் (இங்கே சுருக்கித்தான் தந்திருக்கிறேன்) பாஸ்போர்ட் என்ற சொல் பதினான்கு இடங்களில் வருகிறது. வாக்கு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. படித்த மனிதர், பன்னிரண்டு ஆண்டுகள் வரி கட்டியவர், ஒரு நாட்டின் குடிமகனானதன் பயனை விமான நிலைய வரிசையின் நீளத்தைக் கொண்டு அளக்கிறீர்கள் என்றால் எனக்குக் கோபம் வருகிறது. உங்களிடம் இருக்கும் இரண்டு புத்தகங்களின் உட்பக்கங்களையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பல நாடுகளின் பாஸ்போர்ட்டில் அது அரசின் உடைமை என்று அச்சிட்டிருக்கும். நீங்கள் உறையில் இட்டுக் கலங்கிக்கொண்டிருக்கும் பொருள் என்றுமே உங்களுடையதாக இருந்ததில்லை. குடியுரிமைதான் உங்களுடையது, அந்தப் புத்தகம் அதற்கான அத்தாட்சி மட்டுமே. புத்தகம் தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம், காலாவதியானால் புதுப்பிக்கலாம், ஒருபோதும் விண்ணப்பிக்காமலே கூட வாழ்ந்து முடிக்கலாம். அதனால் குடியுரிமை குறைந்துவிடாது.

என் நண்பர் இதை என்னைவிட நன்றாக அறிந்திருந்தார். அவர் அகதியாகச் சென்று ஒரு நாட்டில் தங்கியவர். அவரிடம் இருந்தது பாஸ்போர்ட் அன்று, 1951 ஜூலை 28ஆம் நாளின் அகதிகள் உடன்படிக்கையின்படி வழங்கப்படும் பயண ஆவணம். பார்க்கப் பாஸ்போர்ட் போலவே இருக்கும். மேலட்டையின் இடது மேல்மூலையில் மட்டும் சாய்வாக இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும். ஒருமுறை நாங்கள் இருவரும் ஓர் இலக்கியக் கூட்டத்துக்காகச் சேர்ந்து பயணம் செய்தோம். குடிவரவு அதிகாரி என் புத்தகத்தில் முத்திரை குத்தித் தந்துவிட்டார். நண்பரின் ஆவணத்தைப் புரட்டியவர் அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார், பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டினார், பிறகு அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரண்டு மணிநேரம் நாங்கள் ஒரு சுவரோரம் நின்றோம். நண்பர் அந்த நேரம் முழுவதும் கூட்டத்தில் தான் பேச வேண்டிய உரையை எனக்குச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்; கூட்டத்தில் பேசியதைவிட அங்கே நன்றாகப் பேசினார். ஆவணம் திரும்பி வந்தபோது, “இவர்களுக்குச் சந்தேகம் என் மேல் இல்லை, என்னைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் எங்கே அனுப்புவது என்பதுதான் அவர்களுடைய சந்தேகம்” என்றார்.

அவர் சொன்னது சரி. 1921 இறுதியில் சோவியத் அரசு நாட்டைவிட்டு வெளியேறியிருந்த பெருந்திரளான ரஷ்யர்களின் குடியுரிமையை ஓர் ஆணையால் நீக்கியது. அவர்களுக்காக 1922இல் நார்வேக்காரரான ஃபிரிட்யாஃப் நான்சென் முயன்று உருவாக்கியதே நான்சென் பாஸ்போர்ட். இசையமைப்பாளர் ஸ்டிராவின்ஸ்கியும் எழுத்தாளர் நபகோவும் அதைக் கொண்டு பயணம் செய்தவர்கள். பின்னாளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் அதை ஏற்றன. ஆனால் தொடக்கத்தில் அதில் ஒரு பெரிய குறை இருந்தது: வழங்கிய நாட்டுக்கே திரும்பி வரும் உரிமையை அது தரவில்லை. வெளியே போக உதவும், உள்ளே வர உதவாது. பயணத்துக்கான தாள் வேறு, திரும்பி வருவதற்கான உரிமை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இனி வசதிக்கு வருகிறேன். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பிறந்த நோட்டபோம் என்பவர் 1905இல் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவுக்குச் சென்று வணிகம் செய்து செல்வரானார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அந்நாட்டின் குடியுரிமையை அவர் கேட்கவில்லை. 1939இல் போர் தொடங்கியவுடன், தான் வாழ்ந்தே இராத, ஐரோப்பாவின் சிறு நாடான லீக்டென்ஸ்டைனின் குடியுரிமையைப் பணம் கட்டிப் பெற்றார். ஜெர்மானியர் என்ற பெயரிலிருந்து தப்ப அது வசதியாக இருந்தது. குவாத்தமாலா 1943இல் அவரைப் பகைநாட்டவர் என்று பிடித்து அமெரிக்காவின் தடுப்பு முகாமுக்கு அனுப்பியது, சொத்துகளும் போயின. அவருக்காக லீக்டென்ஸ்டைன் தொடுத்த வழக்கை 1955இல் சர்வதேச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அவருக்கும் அந்நாட்டுக்கும் மெய்யான தொடர்பு எதுவும் இல்லை என்பதே காரணம். அந்தத் தீர்ப்பை நான் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. பாதுகாப்பு தேட ஒரே ஒரு நாடுதான் இருந்த மனிதனுக்கு அந்தக் கதவையும் சாத்தியது அது, மூன்று நீதிபதிகள் அதற்கு உடன்படவும் இல்லை. ஆனாலும் நீங்கள் உறவினருக்குச் சொன்ன வாக்கியம் நோட்டபோமின் வாயில் பொருந்தும், உங்கள் வாயில் பொருந்தாது. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு நாட்டில் வேலை செய்து, நோயுற்றுத் தேறி, பிள்ளை பெற்று, அண்டை வீட்டுக்காரரோடு சண்டையிட்டுச் சமாதானமான ஒருவர், அந்த நாட்டோடு தனக்குள்ள தொடர்பு வசதி மட்டுமே என்று சொல்வது பணிவாகாது. அது பொய். அதிலும் உறவினர் ஒருவரை அமைதிப்படுத்துவதற்காகச் சொன்ன மலிவான பொய்.

நண்பருக்கும் பிறகு குடியுரிமை கிடைத்தது. கோடுகள் இல்லாத புத்தகம் கைக்கு வந்தும் இரண்டு ஆண்டுகள் அவர் எங்கும் போகவில்லை. ஆனால் அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தலில், வாக்குச்சாவடி திறக்கும் முன்பே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றார். குப்பை எடுக்கும் நாட்களை வாரத்துக்கு ஒன்றாகக் குறைக்கலாமா என்பதுதான் அந்தத் தேர்தலின் பெரும் விவாதம். அவர் வாக்களித்தவர் தோற்றார். அன்றிரவு தொலைபேசியில் அரைமணிநேரம் வென்றவரைத் திட்டித் தீர்த்தார். இத்தனை ஆண்டுகளில் அந்த நாட்டின் எந்த அதிகாரியையும், எந்தச் சட்டத்தையும் குறைத்து ஒரு சொல் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தங்க இடம் கொடுத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்ற நாகரிகம் என்றே அதை எண்ணியிருந்தேன். அது பயம் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. நிரந்தர வதிவிட உரிமை வைத்திருப்பவர் பல நாடுகளில் நெடுநாள் வெளியே தங்கினால் அதை இழக்கலாம், குற்றமொன்றில் சிக்கினால் வெளியேற்றப்படலாம். குடிமகனுக்கு அந்தப் பயம் இல்லை. பொய் சொல்லிப் பெற்ற குடியுரிமையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் சட்டங்கள் உண்டுதான். என் நண்பர் பொய் சொல்லவில்லை. ஆகவே ஐம்பத்தெட்டாம் வயதில், குப்பை வண்டியை முன்னிட்டு, உரத்த குரலில் திட்டினார்.

கூடத்தில் உங்களுக்குக் குரல் எழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனையும் எழுதினேன். வசதிக்காக ஒரு தாளை வாங்கப் போனவருக்குத் தொண்டை அடைக்காது.

பழைய பாஸ்போர்ட்டை அனுப்பிவிடுங்கள். சட்டம் கேட்கிறது, நாட்களை வளர்த்தினால் அபராதமும் கேட்கக்கூடும். பல நாடுகள் அதன் மூலையைக் கத்தரித்து, செல்லாது என்ற முத்திரையுடன் உங்களிடமே திருப்பித் தரும். அப்படி வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துவிட்டீர்களா என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.