பூத்தும் காய்க்காத மிளகாய்ச் செடி

வணக்கம். சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் உள்ள உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் சமையலறைச் சன்னலோரத் தொட்டியில் மிளகாய்ச் செடி நன்கு தழைத்தும், பூக்கள் காய் பிடிக்காமல் காம்போடு உதிர்வதாக எழுதியிருந்தீர்கள். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறக்கூடியது என்றாலும், அம்மகரந்தம் சூல்முடியில் (பூவின் பெண் உறுப்பின் நுனியில்) விழக் காற்றின் அசைவோ தேனீயோ உதவவேண்டும். வீட்டுக்குள் இரண்டும் அரிது என்பதால், காலையில் விரிந்த பூக்களை விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள். ஆனால் முதலில் கவனிக்கவேண்டியது வெளிச்சமே என்பது என் உறுதியான கருத்து: நாளுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் படாத செடியில், எவ்வளவு தட்டினாலும் காய்கள் சிலவே நிற்கும். வெயில் கிட்டாவிட்டால் எல்இடி வளர்ப்பு விளக்கை 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம். இலைகளை வளர்க்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரத்தையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். அடித்தட்டில் நீர் தேங்கினால் வேர் அழுகும், டெங்கிக் கொசுவும் பெருகும். அதை உடனுக்குடன் கொட்டிவிடுங்கள்.