கேளுங்க, பேசுவோம்: சைன், காஸ் எதுக்கு?

கேள்வி: காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறேன். எட்டாவதோடு நின்றவள், ஆனாலும் என் கணக்கு தப்பாது. பத்தாவது படிக்கிற மகன், "சைன், காஸ் எல்லாம் நம்ம பொழப்புக்கு எதுக்கும்மா?" என்கிறான். என்ன சொல்ல?
- ஒரு வாசகி, காசிமேடு

பதில்: அக்கா, சுலபமான பதில் ஒன்று இருக்கிறது. ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் கரையில் தெரிகிற கோபுரம், கலங்கரை விளக்கம், புகைபோக்கி என்று இரண்டு மூன்று அடையாளங்களை வைத்துத்தான் நல்ல மீன் கிடைத்த இடத்தைக் கடலில் குறித்துக்கொண்டார்கள், அதுவும் சைன், காஸ் மாதிரி கோணக் கணக்குதான், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பையனைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் இந்தப் பதில் எனக்கே போதவில்லை. "உன் பொழப்புக்கு உதவும்" என்று சொல்லும்போதே அவன் பிழைப்பு எது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோமே.

1953-ல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு தினம் மூன்று மணி நேரம் பாடம் போதும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். மறு வருஷம் காமராஜர் முதல்வரானதும் அதைக் கைவிட்டார். கைத்தொழிலும் கல்விதான் என்று 1937-ல் வார்தாவில் காந்தியும் சொன்னார், அவர் தொழிலைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவரச் சொன்னார். ராஜாஜி திட்டமோ பிள்ளையை அப்பன் தொழிலுக்கே திருப்பி அனுப்பியது. எனக்கு சண்டை அந்த இடத்தில்தான், வலை பின்னுவது மட்டமான வேலை என்பதால் இல்லை.

பையன் எல்லாம் படித்துவிட்டு போட்டில்தான் போவேன் என்றால் தாராளமாகப் போகட்டும், அது அவன் எடுத்த முடிவு. அப்புறம், அவன் கேள்வியில் தப்பே இல்லை. அட்டவணையை மனப்பாடம் பண்ணச் சொல்லிவிட்டு எதற்கென்று சொல்லாமல் விட்டால் யாருக்கும் இந்தச் சந்தேகம் வரும். கணக்கு வாத்தியாரையே கேட்கட்டும்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன், ஃபுட்பால் ஆடுவேன். "இப்ப கஷ்டப்பட்டு படி, அப்புறம் வாழ்ந்துக்கலாம்" என்கிறார் அப்பா. படிப்பு என்பது பின்னால் வாழப்போவதற்கான தயாரிப்பு மட்டும்தானா?
- ஒரு மாணவி, வியாசர்பாடி

பதில்: இல்லை, கல்வி என்பதே வாழ்வதுதான் என்று அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி 1897-லேயே எழுதிவிட்டார். அப்பாவிடம் இதைச் சொல்லி வைக்காதே, பொதுத்தேர்வு நேரத்தில் டூயி எடுபடமாட்டார். அப்பாவின் பயத்திலும் நியாயம் இருக்கிறதும்மா. வியாசர்பாடி என்று முகவரியைப் பார்த்ததும் முகம் மாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் முன்னால் நீட்ட கையில் ஒரு சர்டிஃபிகேட் இருக்கட்டும் என்று நினைக்கிறார். ஆனால் பந்தை எப்போது வைத்துக்கொள்வது, எப்போது பக்கத்தில் ஓடிவருகிறவளுக்குத் தள்ளிவிடுவது என்று மைதானத்தில் கற்கிறாயே, அதுவும் படிப்புதான். சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆட்டத்துக்கு என்று அவரிடம் பேரம் பேசிப் பார்.

கேள்வி: கல்வியின் நோக்கம் என்ன? ஒரே வரியில் பதில் தேவை.
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஒரே வரியில் முடிகிற விஷயம் என்றால் அரிஸ்டாட்டிலே முடித்திருப்பார். பிழைப்புக்கு உதவுவதைச் சொல்லித்தருவதா, நல்ல குணத்தையா, உயர்ந்த அறிவையா என்பதில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்று 2,300 வருஷத்துக்கு முன்னால் அவரும் இதே இடத்தில்தான் நின்றார். டிஎன்பிஎஸ்சி-க்காகக் கேட்கிறீர்கள் என்றால் மூன்றையும் எழுதிவிடுங்கள், மார்க் குறையாது.