25,000 ரூபாய் கொடுத்து ‘பள்ளி சுகாதார டிப்ளமோ’ வாங்க வேண்டுமா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பள்ளிகளுக்குப் போகும் நடமாடும் மருத்துவக் குழுவில், அதாவது ஆர்பிஎஸ்கே என்கிற தேசியக் குழந்தைகள் நலத் திட்ட வண்டியில், ஒப்பந்த நர்ஸ். காட்பாடியில் ஏதோ ஒரு அகாடமி ஆறு மாத ஆன்லைன் டிப்ளமோ நடத்துகிறதாம், கட்டணம் 25,000. அது இல்லாவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள், இருந்தால் நிரந்தரம் ஆகிவிடும் என்று சொல்லி 3,000 முன்பணமும் வாங்கிவிட்டார்கள். மீதியைக் கட்டலாமா என்று கேட்கிறார்.

கட்டாதீர்கள். உங்களை வேலைக்கு எடுத்தது மாவட்ட நலவாழ்வுச் சங்கம். அவர்கள் வெளியிட்ட அறிவிப்பில் என்ன தகுதி கேட்டிருந்தார்கள் என்று எடுத்துப் பாருங்கள், அதுதான் தகுதி. நிரந்தரம் என்பது அரசு ஆணை போட்டு நடக்க வேண்டிய சமாச்சாரம், மாடியில் ரெண்டு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் கையில் இல்லை. இன்னொன்று, நர்ஸிங் படிப்பைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்த பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதிப்பதில்லை. அதனால்தான் இவர்கள் ‘நர்ஸிங்’ என்று போடாமல் ‘ஹெல்த்’ என்று போடுவார்கள். கவனித்தீர்களா? ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால் எந்தக் காரணத்துக்காகவும் கொடுத்துவிடாதீர்கள், வேண்டுமானால் ஜெராக்ஸ். ஒரிஜினலைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் மீதிப் பணத்தைக் கறக்கிறார்கள், வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிவதற்கு முன்பிருந்தே இந்தக் கதை நடக்கிறது.

சரி, பணம் கட்டிப் படிக்க வேண்டிய இடமே இல்லையா? ஒன்று இருக்கிறது, இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். உங்கள் நர்ஸிங் பதிவைப் புதுப்பிக்கும்போது, அதைப் பதிவு செய்கிற மாநில நர்ஸிங் கவுன்சில் தொடர் கல்வி நேரம் கேட்டால், அந்த நேரத்துக்கான பயிற்சிக்குச் சின்னக் கட்டணம் கட்டுவதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பயிற்சிக்கு கவுன்சில் முன்கூட்டியே அனுமதி கொடுத்திருக்க வேண்டும். நடத்துகிறவர் ஒரு கடிதத்தைக் காட்டுவார், அது போன வருடக் கடிதமாக இருக்கும், அல்லது வேறு தலைப்புக்கு வாங்கியதாக இருக்கும். தேதி, தலைப்பு, எத்தனை நேரம் என்று மூன்றையும் பாருங்கள். சந்தேகம் வந்தால் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கவுன்சில் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். “வராமலே நேரம் போட்டுத் தருகிறோம்” என்று சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள், நாளைக்கு விசாரணை வந்தால் மாட்டப்போவது உங்கள் பதிவு எண்.

மற்றபடி உங்கள் வேலைக்கு வேண்டிய பயிற்சியைக் கொடுப்பது துறையின் கடமை, அதற்கு அவர்கள் கட்டணம் கேட்கக் கூடாது. கொடுக்கிறார்களா என்பது வேறு விஷயம். 2013-ல் ஆர்பிஎஸ்கே திட்டம் வந்தபோது காட்டிய அதே ‘நான்கு டி’ (ஆங்கிலத்தில் D-யில் தொடங்கும் நான்கு) ஸ்லைடு, பிறவிக் குறைபாடு, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் என்று இன்னமும் ஓடுகிறது. நாளைக்குப் பயிற்சி என்று இன்று சாயங்காலம் வாட்ஸ்அப் வரும். போனால் முக்கால்வாசி நேரம் செயலியில் எப்படிப் பதிவது என்பதிலேயே போய்விடும், குழந்தையை எப்படிப் பார்ப்பது என்று ஒருத்தரும் கையைப் பிடித்துக் காட்ட மாட்டார்கள்.

அதனால் எது வேண்டும் என்று நீங்களே குறிப்பிட்டு வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். கண் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மீட்டர் அட்டையை, வகுப்பறை சின்னது என்று நாலு மீட்டரில் மாட்டிவிட்டால் கிட்டப்பார்வை உள்ள பிள்ளையும் தேறிவிடும். வரிசையில் நிற்கிற பிள்ளைகள் முன்னால் படிப்பவரைக் கேட்டு எழுத்துகளை மனப்பாடம் செய்துவிடுவார்கள், இதையெல்லாம் கண் மருத்துவ உதவியாளர் பக்கத்தில் ஒரு நாள் நின்றாலே கற்றுக்கொள்ளலாம். வளர்ச்சித் தாமதத்துக்கு, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் சில நாள் உட்கார அனுமதி கேளுங்கள். நீங்கள் அனுப்பிய பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்ததா என்பதும் அப்போது தெரியும், பாதி பிள்ளைகள் பரிந்துரைச் சீட்டோடு வீட்டிலேயே நின்றுவிடுவது அங்கே உட்கார்ந்தால்தான் உறைக்கும். தொட்டால் உணர்ச்சி இல்லாத வெளிறிய தேமலைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ள, 1955-லிருந்து இருக்கிற கரிகிரி தொழுநோய் மையம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பயிற்சி நடத்துகிறார்கள், துறை மூலம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். விண்ணப்பத்தின் நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்பார்கள்.

அப்புறம் அந்த 3,000. போனில் பேசிப் பயனில்லை. சேர விருப்பமில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், ரசீதையும் படம் எடுத்து அதோடு அனுப்புங்கள். ஒரு வாரம் பாருங்கள், நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதியுங்கள்.