குடமுருட்டிக் கரையிலிருந்து கரும்பொருள் ஆராய்ச்சிக்கு

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் கிராமம். பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விண்மீன் மண்டலங்களையும் கரும்பொருளையும் ஆராயும் வானியலாளராக வேண்டும் என்று ஆசை. வீட்டில் பி.எட். படிக்கச் சொல்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இது நடக்குமா? அந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

நடக்கும். நான் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் குடமுருட்டிக் கரையில் பிறந்தவள். பள்ளிப்படிப்பு முழுவதும் தமிழ்வழி, பி.எஸ்சி. தஞ்சாவூரில், தினமும் பஸ்ஸில் போய்வந்து. இப்போது பதினான்கு ஆண்டுகளாக இந்த ஆராய்ச்சியில்தான் இருக்கிறேன்.

பி.எச்டி. சேர்ந்த முதல் ஆண்டு, சித்திரை மாதம் ஊருக்கு வந்திருந்தேன். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அப்பாவுடன் மணலில் இறங்கி நடந்துகொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "ஏம்மா, கண்ணுக்கே தெரியாத பொருள் என்கிறாய். அதை எப்படி எடை போடுவீர்கள்?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. உட்கார்ந்து, சின்ன வயதில் செய்தது போல ஊற்றுத் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் மணல் ஈரமாயிற்று. இன்னும் ஒரு சாண் போனதும் பக்கங்களிலிருந்து நீர் கசிந்து குழியில் கூடியது. முதலில் கலங்கல். கொட்டாங்கச்சியால் இரண்டு முறை இறைத்துக் கொட்டியபின் தெளிந்தது. அப்பா குனிந்து பார்த்துவிட்டுக் கரையைக் காட்டினார். "தோண்டாமலே தெரியுமே. அடியில் தண்ணீர் ஓடாவிட்டால் அந்த நாணல் இந்த வெயிலில் பச்சையாக நிற்குமா?"

என் ஆராய்ச்சியை இதைவிட நன்றாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாங்களும் நாணலைப் பார்த்துத்தான் நீரைச் சொல்கிறோம். இன்னும் தோண்டி எடுக்கவில்லை.

விஷயம் இதுதான். சூரியனுக்கு அருகிலுள்ள புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தொலைவிலுள்ள நெப்டியூன் ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. எடை நடுவில் குவிந்திருந்தால் தூரம் கூடக்கூட வேகம் குறைய வேண்டும். விண்மீன் மண்டலத்திலும் வெளிச்சம் நடுவில்தான் குவிந்திருக்கிறது. அதனால் விளிம்பில் சுற்றும் விண்மீன்கள் மெதுவாகப் போக வேண்டும் என்றே எல்லோரும் எண்ணினார்கள். 1970-இல் வேரா ரூபின், கென்ட் ஃபோர்டு என்ற இரு வானியலாளர்கள் ஆண்ட்ரோமீடா என்ற விண்மீன் மண்டலம் சுழலும் வேகத்தை அளந்து வெளியிட்டார்கள். விளிம்பில் வேகம் குறையவில்லை. பிறகு அளந்த மண்டலங்களில் பெரும்பாலானவற்றிலும் அதே கதை. அந்த வேகத்தில் ஓடுபவற்றைச் சிதறாமல் பிடித்து வைத்திருக்க, கண்ணுக்குத் தெரிகிற எடை போதவே போதாது. கண்ணுக்குத் தெரியாத அந்த மீதி எடையைத்தான் கரும்பொருள் என்கிறோம். இதற்கும் முன்பே, 1933-இல், ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற வானியலாளர், கோமா என்ற விண்மீன் மண்டலக் கொத்தில் உள்ள மண்டலங்களின் வேகத்தைப் பார்த்து இதே முடிவுக்கு வந்திருந்தார். அன்று அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. இன்றைய கணக்கின்படி, அண்டத்தில் உள்ளதில் நாம் அறிந்த பொருள் சுமார் 5 விழுக்காடு. கரும்பொருள் சுமார் 27 விழுக்காடு. அது எந்தத் துகளால் ஆனது என்று கேட்டால், பூமிக்கடியில் ஆழத்தில் வைத்திருக்கும் கருவிகள் எதிலும் இன்றுவரை உறுதியாக எதுவும் சிக்கவில்லை. ஈர்ப்பு விதியைத்தான் திருத்த வேண்டும் என்று 1983-இல் மில்க்ரோம் என்ற இயற்பியலாளர் சொன்ன மாற்றுக் கருத்தைப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. ஆனால் அவர்கள் எழுப்பும் கேள்விகளை மதித்துப் படிக்கிறேன். நீங்களும் படியுங்கள்.

என் வேலை குறு மண்டலங்களை, அதாவது மிகச் சிறிய விண்மீன் மண்டலங்களை, எடை போடுவது. அவற்றில் விண்மீன்கள் குறைவு, ஹைட்ரஜன் வாயு அதிகம், கரும்பொருள் அதைவிடப் பல மடங்கு அதிகம். அந்த ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலையை வெளியிடும். ஒரு தனி அணு தானாக அந்த அலையை வெளியிடச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். அணுக்கள் எண்ணிலடங்காமல் இருப்பதால்தான் நமக்குக் கேட்கிறது. வாயு நம்மை நோக்கி வந்தால் அலை சற்றுச் சுருங்கும், விலகிப் போனால் நீளும். கூவிக்கொண்டு கடந்து போகும் ரயிலின் ஒலி மாறுவது போல. அந்தச் சிறு மாற்றத்திலிருந்து வேகம், வேகத்திலிருந்து எடை.

இதற்கு நான் பயன்படுத்துவது புணேவுக்கு வடக்கே கோடத் கிராமத்தில் உள்ள ஜி.எம்.ஆர்.டி. என்ற ரேடியோ தொலைநோக்கி. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆண்டெனாக்கள், 25 கிலோமீட்டர் வரை பரந்து நிற்கின்றன. ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் முன்னின்று அமைத்தது. அதற்கு முன் அவர் நம் ஊட்டியில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியைக் கட்டினார். 1970 முதல் இயங்குகிறது. ஊட்டியின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு சாய்வுள்ள ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கும்படி அமைத்தார்கள். ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்துப் பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். மலையையே கருவியின் பாகமாக்கிய அந்த யோசனையை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஒரு முறை போய்ப் பாருங்கள்.

ஆனால் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பதுதான் வேலை என்று நினைக்காதீர்கள். ஜி.எம்.ஆர்.டி.யில் ஆண்டுக்கு இரண்டு முறைதான் விண்ணப்பம். எதை, ஏன், எத்தனை மணி நேரம் பார்க்க வேண்டும் என்று எழுதி வாதாட வேண்டும். பல முறை மறுத்துவிடுவார்கள். கிடைத்தால் சில இரவுகள். பிறகு மாதக்கணக்கில் கணினி முன்னால் தரவைச் சுத்தம் செய்வது. மின்கம்பியின் பொறி, கைபேசி, செயற்கைக்கோள் எல்லாம் அதில் கலந்து வரும். ஊற்றில் கலங்கலை இறைப்பது போலத்தான். ஒரே வித்தியாசம், எது கலங்கல் எது நீர் என்பது பல நாள் விளங்காது.

என் இரண்டாம் ஆண்டில் ஒரு மண்டலத்தின் விளிம்பில் வேகம் திடீரென்று எகிறுவதைக் கண்டேன். புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. என் வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல், ஒவ்வோர் ஆண்டெனாவின் தரவையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். மூன்று வாரம் பார்த்தேன். சில அலைவரிசைகளில் நான் நீக்காமல் விட்ட இரைச்சல் அது. அழுகை வந்தது. ஆனால் நான் வானியலாளரானது அந்த மூன்று வாரத்தில்தான் என்று நம்புகிறேன்.

பாதை பற்றி. மூன்றாம் ஆண்டில் ஜாம் தேர்வு எழுதுங்கள். வழக்கமாக செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி.க்கும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பி.எச்டி.க்கும் அதுதான் வாசல். எம்.எஸ்சி. முடித்தபின் ஜெஸ்ட், நெட், கேட் ஆகிய தேர்வுகள் இந்திய வானியற்பியல் நிறுவனம் போன்ற இடங்களுக்கு வழி திறக்கும். தொலைநோக்கி வாங்கப் பணம் சேர்க்க வேண்டாம். விசையியல், மின்காந்தவியல், புள்ளியியல் மூன்றையும் கணக்குப் போட்டுப் போட்டுப் படியுங்கள், பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் பற்றிய பயம் எனக்கும் இருந்தது. பாடநூலைத் தினமும் இரண்டு பக்கம் வாய்விட்டுப் படித்தேன். ஓராண்டில் பயம் போய்விட்டது.

பணத்தை மறைக்கக் கூடாது. பி.எச்டி. உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000, வீட்டு வாடகைப் படி தனி. ஐந்தாறு ஆண்டு அது. பிறகு இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தமாக ஊர் ஊராக, பெரும்பாலும் வெளிநாட்டில். நிரந்தர வேலை முப்பது வயதைத் தாண்டித்தான், எல்லோருக்கும் கிடைப்பதும் இல்லை. கிடைக்காதவர்கள் தரவுத் துறையில் நல்ல வேலைக்குப் போயிருக்கிறார்கள். பி.எட். சொல்லும் பெற்றோர் மீது எனக்குக் கோபம் வராது. தண்ணீர் வருமா வராதா என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் மேட்டூரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், பிள்ளைக்காவது நிலையான வருமானம் வேண்டும் என்று நினைப்பது நியாயம்.

கஜா புயல் அடித்த 2018-இல், உங்கள் பக்கத்து ஊரில்தான் என் சித்தி வீடு. தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தது, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நிலா இல்லாத ஓர் இரவில் களத்தில் பாய் விரித்துச் சித்தியின் பேரப்பிள்ளைகளுக்கு வடக்கு வானத்தில் ஒரு மங்கல் திட்டைக் காட்டினேன். ஆண்ட்ரோமீடா. 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளி. விழுந்த மரங்களைக் கணக்கெடுத்துக் களைத்து வந்திருந்த சித்தப்பாவும் வந்து படுத்து, நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் அப்பாவோடு நானே பேசுகிறேன். குறுவை நடவு முடிந்து அவர் கொஞ்சம் ஓய்வாக இருக்கும் ஒரு மாலை நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.